128 கிலோமீட்டர் கணக்கு

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தூத்துக்குடிக்காரர்கள் நாளிதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைத் தேடுவார்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று பெயர். பக்கத்தில் அடிக் கணக்கு. "பாவநாசம் நூறைத் தாண்டிட்டாம்லா" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், குடிதண்ணீருக்குக் கஷ்டமில்லை, பிசானப் போக நெல்லுக்கு நாற்றுப் பாவலாம் என்று அர்த்தம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலைக்குள் கிடக்கும் அணையின் நீர்மட்டம் ஒரு துறைமுக நகரத்துக்கு மனப்பாடமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மாவட்டத்தின் வடக்கே வைப்பாறு இருக்கிறது; பெரும்பாலான நாள் அதில் மணல்தான். வருஷம் முழுக்கத் தண்ணீர் காட்டும் ஆறு தாமிரபரணி ஒன்றுதான்.

ஆனால் அடிக் கணக்கு ஆளை ஏமாற்றும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இதை மட்டும் படிக்கிறவர் சேர்வலாறுதான் பெரிய அணை என்று நினைப்பார். கொள்ளளவைப் பார்த்தால் கதை தலைகீழ்: பாபநாசம் 5,500 மில்லியன் கன அடி, மணிமுத்தாறு 5,511, சேர்வலாறு வெறும் 1,225. உயரத்தில் கடைசியாக நிற்கும் மணிமுத்தாறுதான் கொள்ளளவில் முதலிடம். சேர்வலாறு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நிற்கிறது. நாலு நாள் மழைக்கே கிடுகிடுவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடும். அதையும் பாபநாசம் அணையையும் மலைக்குள் ஒரு சுரங்கக் கால்வாய் இணைக்கிறது.

மில்லியன் கன அடி என்பதை வீட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது நல்லது. ஒரு மில்லியன் கன அடி என்பது 2 கோடியே 83 லட்சம் லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அப்படியானால் ஒரு மில்லியன் கன அடி ஏறத்தாழ 144 வீடுகளுக்கு ஒரு வருஷத்துத் தண்ணீர். மூன்று அணையும் நிரம்பினால் கூட்டுத்தொகை 12,236 மில்லியன் கன அடி. காகிதத்தில் இது 17 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு ஓராண்டுக் குடிநீர். காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மலைப் பக்கம்

தாமிரபரணி குட்டி ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொட மொத்தமே 128 கிலோமீட்டர்தான். காவிரி இதைப்போல ஆறு மடங்கு நீளம். ஆனால் காவிரிக்காரர்களுக்கு இல்லாத ஒரு நிம்மதி நமக்கு உண்டு: இந்த ஆறு பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. எந்த நடுவர் மன்றத்துக்கும் நாம் போக வேண்டியதில்லை. சண்டை போட்டால் நமக்குள்தான்.

அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து 47 மீட்டர். ஆக, ஆறு தன் உயரத்தில் 97 சதவீதத்துக்கு மேல் நெல்லைக்கு வருவதற்குள்ளேயே செலவழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு கடல் வரை நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 47 கிலோமீட்டர். ஆறு வளைந்து வளைந்து போவதால் இன்னும் கூடும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. மேலே அருவியாக விழுகிற தண்ணீர் கீழே நகரவே யோசிக்கும். ஆற்றின் இரண்டு முகங்களுக்கும் இந்த ஒரு கணக்கே விளக்கம்: மேலே குளியலும் மின்சாரமும், கீழே வயலும் வண்டலும் வெள்ளமும்.

தூத்துக்குடியிலிருந்து சுற்றுலா என்று கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் மேல்முகத்தைத்தான் பார்க்கப் போகின்றன. இருசக்கர வாகனத்தில் பாபநாசம் போய்வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாலரை லிட்டர் பெட்ரோல், அதாவது 450 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். பேருந்தில் போனால் இதைவிடக் குறையும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால், அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்த பிறகு உள்ளூர்ச் சுற்றலில் வீட்டுப் பெண்களின் செலவு பூஜ்யம் ஆகவும் வாய்ப்புண்டு.

பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி, அதற்கும் மேலே கல்யாண தீர்த்தம், காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக் கோயிலில் கூடும் கூட்டத்தில் நம் மாவட்டத்தார் கணிசம். பாபநாசம் (காரையாறு) அணையின் தலைமாட்டில் பாணதீர்த்தம். 'ரோஜா' படம் பார்த்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்பெல்லாம் அணையில் படகேறிப் போய் அருவியடியில் நின்று வருவார்கள். இப்போது எல்லாம் வனத்துறை அனுமதியைப் பொறுத்தது. நுழைகிற இடம் அப்படி. களக்காடு முண்டந்துறை, 1988-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமோ கேரளத்தையும் சேர்த்து 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்குகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள், நாம் குடிக்கும் தண்ணீரின் தொட்டிக்கு வனத்துறையினர் காவல் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பொதிகை உச்சிக்கே போக வேண்டும் என்பவர்களுக்கு வழி கேரளப் பக்கம். திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து ஜனவரி, பிப்ரவரியில் அந்த மாநில வனத்துறை ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளந்து விடுகிறது. பெண்கள் ஏற 2019 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவுடன் திறந்தது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் புகுந்து 'எக்ஸ்ப்ளோர்' பண்ணும் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிய வேண்டியதுதான்.

மாஞ்சோலைக்கும் இந்த ஆற்றின் கதையில் ஒரு பக்கம் உண்டு, கசப்பான பக்கம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்புக்குள் தேயிலை வந்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் பிணமானார்கள். அருவி பார்க்கப் போகிற வழியில் மாஞ்சோலை என்ற பெயர்ப்பலகையைக் கடக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குற்றாலத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சிற்றாற்றில் இருப்பதால் அதுவும் தாமிரபரணிக் கணக்குத்தான். சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேர்கிறது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். அன்று அருவிக்கரையில் நின்றவர்களுக்கு முன்னெச்சரிக்கை ஏதும் இல்லை. அருவியில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சோப்பைக்கூட எடுக்காமல் வெளியே ஓடிவிட வேண்டும்.

எட்டு அணைக்கட்டு

மலையடிவாரத்திலிருந்து கடல் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நம் ஆட்கள் கட்டியவை. இவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை அல்ல. குறுக்கே கல்லைப் போட்டு மட்டத்தை உயர்த்தி, கால்வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தை வழியவிடுபவை. ஒருவர் வழியவிட்டால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

மொத்தப் பாசனம் 86,107 ஏக்கர். இதில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய கடைசி இரண்டின் பங்கு, அதாவது தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கு, 46,107 ஏக்கர். பாதிக்கு மேல். அணைகளும் அருவிகளும் நெல்லைப் பெயரில் இருக்கின்றன. வயலில் பெரும்பகுதி நம் பெயரில் இருக்கிறது. இந்த இரண்டு அணைக்கட்டுகளின் நான்கு கால்வாய்களும் நேராக வயலுக்குப் பாய்வதோடு 53 குளங்களையும் நிரப்ப வேண்டும்.

இனி கூட்டல் கழித்தல். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 120 சென்டிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 48 லட்சத்து 56 ஆயிரம் லிட்டர் ஆகிறது. 86,107 ஏக்கருக்கும் ஒரே போகம் நெல் வைத்தால் ஏறத்தாழ 14,770 மில்லியன் கன அடி. மூன்று அணையும் தளும்பத் தளும்ப நின்றாலும் 12,236-தான். ஒரு போகத்துக்கே 2,500 மில்லியன் கன அடிக்கு மேல் துண்டு விழுகிறது. பிறகு எப்படி இங்கே காரும் பிசானமும் என்று இரண்டு போகம் விளைந்தது? அணை ஒரு வருஷத்தில் பல தடவை நிரம்பி இறங்குகிறது. மேலே வயலில் கசிந்தது கீழே மறுபடி ஆற்றுக்கு வருகிறது. குளங்கள் வடகிழக்குப் பருவமழையைத் தனியாகப் பிடித்துக்கொள்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை வாங்குவதுதான் இந்த ஆற்றின் முதல். அதில் ஒன்று பொய்த்தாலும் கடைமடைக்குத்தான் முதல் அடி. முன்பு சொன்ன 17 லட்சம் வீட்டுக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடுவது இதனால்தான்.

நம் எல்லைக்குள்

ஆறு நம் மாவட்டத்துக்குள் நுழையும் முறப்பநாட்டில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. அதனால் இந்த இடத்துக்குத் தட்சிண கங்கை என்று பெயர். நவகைலாயத் தலங்கள் ஒன்பதில் ஐந்து நம் மாவட்டத்தில்: முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். நவதிருப்பதி ஒன்பதும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரியைச் சுற்றியே. பதினாலு கோயிலுக்கும் ஒரே ஆறு. கோயில் பார்க்கிறவர்கள் ஆற்றைப் பார்க்காமல் வண்டியேறிவிடுவதுதான் வழக்கம் என்பது வேறு விஷயம்.

முறப்பநாட்டுப் படித்துறையில் குளிக்கலாம். படித்துறையை விட்டு விலகக் கூடாது. மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு மேலே தெரியாது. தாமிரபரணி மணலுக்கு 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை போட்டது. வழக்குப் போட்டு, தானே நின்று வாதாடியவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு. அப்போது அவருக்கு 85 வயதைத் தாண்டியிருந்தது. தடையால் திருட்டு நின்றுவிட்டதா? 2023 ஏப்ரலில் இதே முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பதில் அதிலேயே இருக்கிறது.

எதிரே வல்லநாட்டுக் குன்று. 1987-ல் அமைந்த வெளிமான் சரணாலயம், 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் இதுதான். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நாள்தோறும் நாற்கர சாலையில் பறக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குன்றின் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் முள்காட்டுக்கு நடுவே முறுக்கிய கொம்போடு ஆண்மான் கண்ணில் படலாம். தூத்துக்குடி மாநகரின் குடிநீர் உறிஞ்சப்படுவதும் இதே வல்லநாட்டுப் பக்கத்து ஆற்றில்தான். மானைப் பார்த்த கையோடு நம் வீட்டுக் குழாயின் மறுமுனையையும் பார்த்துவிடலாம்.

கருங்குளத்தில் ஆற்றங்கரையிலேயே ஒரு சிறு குன்று, வகுளகிரி. ஏறுவதற்கு மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆறு எப்படிப் படுத்துக் கிடக்கிறது என்பது தெரியும். நான் மேலே போட்ட சரிவுக் கணக்கைக் கண்ணால் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து ஆதிச்சநல்லூர் கூப்பிடு தூரம். முதுமக்கள் தாழிகள் புதைந்த 114 ஏக்கர் பறம்பு. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்கும் எழும்பூருக்கும் போயின. குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கும் ஏற்பாடு 2023-ல்தான் வந்தது. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். அதாவது 3,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் நெல் இருந்திருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் 5,300 ஆண்டுகள் என்று 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது; நடக்கட்டும். நெல்லின் கணக்கே எனக்குப் போதும்.

இந்தப் பகுதி முழுவதையும் காரில் போய்ப் பார்ப்பதைவிட நெல்லை–திருச்செந்தூர் பயணிகள் ரயிலில் பார்ப்பது நல்லது. 61 கிலோமீட்டர் பாதை. செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றை ஒட்டியே போகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி அணைக்கட்டுப் பாலத்தில் நடக்கலாம். இடப்பக்கம் வடகால், வலப்பக்கம் தென்கால், நடுவே வழிகிற ஆறு. பிறகு ஏரல், ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரம் தாமிரபரணித் தண்ணீரால் வருகிறது என்று கொடிக்கால்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம், ஒரு வன்னி மரமும் குளமும் உள்ள கிராமமாகிவிட்டது. 2,000 ஆண்டில் 6 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்குச் சராசரி 3 மீட்டர் கடல் பின்வாங்கியிருக்கிறது, அல்லது ஆறு அவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. கொற்கை போய்ப் பழையகாயல், அது போய்ப் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி என்று துறைமுகம் வண்டலுக்குப் பயந்து ஊர் மாறிக்கொண்டே வந்தது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இன்றைய துறைமுகம் ஆற்றின் வாயை விட்டுத் தள்ளி நிற்பது நல்லதாயிற்று. புன்னைக்காயலில் இன்றைக்கும் அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஆறு பல வாய்க்காலாகப் பிரிந்து கடலுக்குள் போவதைப் பார்க்கலாம்.

94.6

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 94.6 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மாஞ்சோலையில் 55, கோவில்பட்டியில் 53. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி 70 சென்டிமீட்டருக்கும் குறைவு.

வரிசையைக் கவனியுங்கள். மலையில் பெய்யும், ஆற்றில் வரும், நமக்குச் செய்தி முன்கூட்டியே கிடைக்கும் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக இங்கே உள்ள நினைப்பு. அன்று கடற்கரையில் மலையைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெய்தது. அணைக்குக் கீழே பெய்த மழையை எந்த அணை பிடிக்கும்? ஓர் ஏக்கரில் 94.6 சென்டிமீட்டர் என்றால் 38 லட்சம் லிட்டர். வல்லநாட்டுச் சரணாலயத்தைப்போலப் பத்து மடங்கு நிலத்தில் அப்படிப் பெய்தால் ஒரு முழுப் பாபநாசம் அணை வந்துவிடும். ஓர் அணை கொள்கிற தண்ணீரைச் சமவெளி ஒரே நாளில் வாங்கிக்கொண்டது.

ஆற்றில் ஓட்டம் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த வேகத்தில் பாபநாசம் அணை முழுவதும் காலியாக 15 மணி நேரம் போதும். ஏரலின் கடைத்தெரு மூழ்கியது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை. மீட்பு வந்து சேர இரண்டு நாள். அதுவரை தங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்த பக்கத்து ஊர் மக்கள்தான் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். பாதிப்புக் குறைந்த இடங்களில் 1,000. ஊர்க்காரர்கள் வடித்த சோற்றுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

யார் எவ்வளவு எடுக்கிறார்கள்

2016-லும் 2017-லும் கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்துப் பெரிய கொந்தளிப்பு நடந்தது. மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை போட்டு, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்போது அடிபட்ட எண்கள்: ஒரு ஆலைக்கு நாளொன்றுக்கு 9 லட்சம் லிட்டர், ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு நாள் பில் 33,750 ரூபாய். கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய் விற்கும் நாட்டில் லிட்டர் நாலு காசுக்கும் குறைவு என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அளவைப் பாருங்கள். 9 லட்சம் லிட்டரை ஆற்று ஓட்டமாக மாற்றினால் வினாடிக்கு அரைக் கன அடிகூட இல்லை. அதே நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக 1970-களில் போட்ட திட்டத்தின் பெயரே 20 எம்.ஜி.டி., அதாவது நாளுக்கு இரண்டு கோடி கேலன். லிட்டரில் 9 கோடியே 9 லட்சம். வினாடிக்கு 37 கன அடி. முழு அளவில் ஓராண்டு எடுத்தால் 1,170 மில்லியன் கன அடி. சேர்வலாறு அணையின் கொள்ளளவு 1,225 என்பது நினைவிருக்கட்டும். ஏறத்தாழ ஓர் அணையையே குழாய்க்குள் போட்டிருக்கிறோம். குளிர்பானத்துக்கு வந்த கோபத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு வெளியூரில் வரவில்லை. கடைமடை விவசாயிகள் மட்டும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான் என்பதால் இதை ஒரு வரியில் தீர்த்துவிட முடியாது; ஆனால் கடல் பக்கத்தில் இருக்கும் ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்கும் செலவை ஏற்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கட்சி.

மறுபக்கம், வெள்ளத்தில் சராசரியாக ஆண்டுக்கு 13,758 மில்லியன் கன அடி கடலில் கலக்கிறது என்று அரசே கணக்குச் சொல்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,765 மில்லியன் கன அடியைக் கன்னடியன் கால்வாயிலிருந்து சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு வரை கொண்டுபோகிறது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. நீளம் 75.2 கிலோமீட்டர். 2009-ல் தொடங்கும்போது மதிப்பீடு 369 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் திறக்கும்போது 1,060 கோடியே 76 லட்சம். கிலோமீட்டருக்கு 14 கோடி. 16 ஆண்டுத் தாமதத்தில் விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தக் கால்வாயில் தண்ணீர் சரியாக வந்தால், செம்மணல் தேரியும், கருமேனியாறு கடலைத் தொடும் மணப்பாடும்கூடப் பொதிகையோடு உறவு கொண்டாடலாம்.

கடலுக்குள் தண்ணீர் போவதெல்லாம் வீண் என்பதும் சரியல்ல. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா. மீன் குஞ்சுகள் வளரும் முகத்துவாரத்துக்கும் அலையாத்திக்கும் நன்னீரும் வண்டலும் வேண்டும். நம் கரைக்கு அருகே உள்ள வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. வெட்டியெடுத்த பவளப்பாறையே அதற்கு முக்கியக் காரணம். இப்போது சுற்றிலும் செயற்கைத் திட்டுகளை இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். முத்துக்குளிப்போ 1961-ஓடு நின்றது. 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டியது. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மிச்சம்.

அடுத்த விடுமுறைக்கு அருவிக்குத்தான் போவீர்கள் என்றால் போங்கள். ஒரு நாளை மட்டும் மிச்சம் வைத்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து புன்னைக்காயல் வரையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு போவது நல்லது. அப்போது குளங்களில் நீர்ப்பறவைகளும் இருக்கும். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. அணைக்கட்டுப் பாலத்தின் முகப்பில் ஒரு பலகை வையுங்கள். இன்று ஆற்றில் வந்தது எவ்வளவு, வடகாலில் விட்டது எவ்வளவு, தென்காலில் எவ்வளவு, குழாயில் எவ்வளவு, கடலுக்கு வழிந்தது எவ்வளவு என்று தினமும் ஐந்து எண்கள் எழுதினால் போதும். அளக்கிற வேலை ஏற்கெனவே நடக்கிறது. எழுதிப் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட்.